காயில் கட்டும் பட்டறையையும் கணக்கில் சேருங்கள்

தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறைக்கும், மின் பகிர்மானக் கழகத்துக்கும், வேளாண் பொறியியல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பல்லடம் பக்கத்தில் மோட்டார் காயில், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். 26 வருடமாக இதுதான் தொழில். விவசாய மோட்டார், தறி மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எல்லாம் வரும். பழைய பம்புசெட்டை மாற்றி நட்சத்திரக் குறியீடு உள்ள புது மோட்டார் வாங்க விவசாயிகளுக்கு மானியம் தருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் புது மோட்டார் இரண்டு மூன்று கோடை ஓடியதும் காயில் போய் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது நாங்கள் கட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது. மோட்டார் வாங்குகிற நாளோடு உங்கள் திட்டம் முடிந்துவிடுகிறது. காயில் கட்டுகிற நாளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தரைமேல் நிற்கும் 10 எச்பி, அதாவது 7.5 கிலோவாட், நான்கு போல் (காந்த முனை) மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் திறனை ஐஇ என்ற தர வரிசையில் பிரிப்பார்கள், எண் ஏற ஏறத் திறன் கூடும். ஐஇ1 தரம் என்றால் திறன் 86 சதவீதம், ஐஇ2 என்றால் 88.7, ஐஇ3 என்றால் 90.4. நாலரை சதவீதம்தானே என்று தோன்றும். அதையே இழப்பாகப் பாருங்கள். முழு லோடில் ஐஇ1 மோட்டார் 1.22 கிலோவாட்டைச் சும்மா சூடாக்கி விடுகிறது, ஐஇ3 மோட்டார் 0.8 கிலோவாட்டோடு நிற்கிறது. வீணாவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இதற்காகக் கம்பெனிக்காரர்கள் காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் கூடுதல் செம்பு போடுகிறார்கள், நல்ல சிலிக்கான் ஸ்டீல் ஸ்டாம்பிங் (வெட்டிய தகடு) போடுகிறார்கள், அந்தத் தகடுகளை அடுக்கிய இரும்பான கோரின் நீளத்தைக் கூட்டுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஒரே சாயங்காலத்தில் இழந்துவிட முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

வார்னிஷ் போட்ட காயில் எரிந்துவிட்டால் அது கல் மாதிரி ஸ்லாட்டில் இறுகிக்கிடக்கும். சும்மா இழுத்தால் வராது. அதனால் ஒரு பக்கத் தலையை உளியால் வெட்டிவிட்டு, மோட்டாரின் சுழலாத வெளிப்பாகமான ஸ்டேட்டரைப் பட்டறைக்குப் பின்னால் குழியில் நிறுத்தி, விறகு அடுக்கி, தீ வைப்பார்கள். பழைய டயர் துண்டு போடுகிறவர்களும் உண்டு. கறுப்புப் புகை அடங்க ஒரு மணி நேரம் ஆகும். வார்னிஷ் சாம்பலான பிறகு கொறடால் பிடித்து இழுத்தால் செம்பு கொத்துக் கொத்தாக வந்துவிடும். நான் தொழில் பழகிய காலத்தில் தீயைக் கிளறுவது என் வேலை. இருட்டின பிறகு பார்த்தால் ஸ்லாட்டுப் பல்லெல்லாம் மங்கலாகச் சிவந்திருக்கும். இரும்பு அப்படிச் சிவக்கிறது என்றாலே 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த வயதில் எனக்கு அது தெரியாது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று இன்னும் இரண்டு விறகு தள்ளுவேன்.

ஸ்டேட்டர் கோர் ஒரே இரும்புக் கட்டி இல்லை என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். அரை மில்லிமீட்டர் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, ஒன்றோடு ஒன்று மின்சாரம் தாவாதபடி ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். எடி கரண்ட் என்கிற சுழல் மின்னோட்டத்தை அடக்குவதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். அந்த இழப்பு தகட்டின் கனத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டு தகடு ஒட்டி ஒன்றானால் அந்த இடத்தில் இழப்பு இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். பூச்சில் பல வகை உண்டு, சாதாரணமானது 370 டிகிரி வரைதான் தாங்கும். குழியில் எரிக்கிற தீ இதையெல்லாம் பார்ப்பதில்லை. பூச்சு கருகிய கோரில் புத்தம்புது காயிலைக் கட்டினாலும், சுவிட்ச் போட்ட நிமிடத்திலிருந்து இரும்பு சூடாகும். தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த இழப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போர்வெல்லுக்குள் இறக்குகிற, தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இந்தத் தீ வேலை கிடையாது. அதில் பிளாஸ்டிக் உறை போட்ட பாலி ஒயர், வார்னிஷ் இல்லை, கையாலேயே உருவி எடுத்துவிடலாம். அதற்கு வேறு நோய்கள் உண்டு. அதில் பெரியது செம்பு.

பட்டறைக்கு வருகிற மோட்டாரில் கம்பெனி என்ன கட்டியிருந்தது என்பதை அறிய ஒரே வழி, எரிந்த காயிலைப் பிரித்து எண்ணுவதுதான். எத்தனை டர்ன் (சுற்று), எந்தக் கேஜ் (ஒயரின் கன எண், எண் ஏறினால் ஒயர் மெலியும்), எத்தனை ஒயர் சேர்த்து ஓட்டியிருக்கிறது, பிட்ச் (ஒரு காயில் எத்தனை ஸ்லாட்டைத் தாண்டுகிறது) என்ன, உள்ளே இணைப்பு எப்படி என்று குறித்துக்கொள்வோம். முதல்முறை வருகிற மோட்டார் என்றால் சரி. மூன்றாம் முறை வந்தது என்றால்? முன்னால் கட்டியவர் என்ன போட்டாரோ அதைத்தான் நானும் எண்ணுகிறேன். அவர் கையில் 18-ஆம் கேஜ் அன்றைக்கு இல்லை, 19 போட்டிருப்பார். ஸ்லாட்டில் எளிதாக இறங்கும், எடையும் குறையும், மோட்டாரும் ஓடும். 18-ஆம் கேஜ் ஒயரின் விட்டம் 1.219 மில்லிமீட்டர், 19-இன் விட்டம் 1.016. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ரெசிஸ்டன்ஸ் 44 சதவீதம் ஏறிவிடுகிறது, ஸ்டேட்டர் செம்பில் ஆகும் இழப்பும் அதே அளவு ஏறுகிறது. நான் மேலே சொன்ன 10 எச்பி மோட்டாரில் இந்த ஒரு கேஜ் மட்டுமே திறனில் சுமார் 2 சதவீதத்தைத் தின்றுவிடும்.

86 சதவீத மோட்டார் 84-க்கு இறங்கினால் எடுக்கும் மின்சாரம் 0.2 கிலோவாட் கூடுகிறது. வருடத்துக்கு 1,500 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மோட்டாருக்கு 300 யூனிட். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்பு மட்டும் 20 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு லட்சம் மோட்டாராவது இப்படிக் கட்டப்பட்டது என்றால்கூட வருடத்துக்கு 3 கோடி யூனிட். தறி, மில், கம்ப்ரசர் எல்லாம் இதற்கு வெளியே.

எங்கள் தொழிலே கெட்டது என்று இதற்குப் பொருள் எடுத்துவிடாதீர்கள். நன்றாகக் கட்டினால் ஒன்றும் குறையாது. 2003-இல் அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்த இரண்டு மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் 24 மோட்டார்களைக் காயில் பிரித்துக் கட்டி, முன்னும் பின்னும் ஆய்வகத்தில் சோதித்தன. கட்டுப்பாடு வைக்காமல் கட்டியவற்றில் சராசரியாக 0.6 சதவீதம் திறன் விழுந்தது. வெப்பத்தை அளவோடு வைத்து, செம்பைக் குறைக்காமல் கட்டியவற்றில் 0.2 சதவீதத்துக்குள்தான் ஏற்ற இறக்கம் இருந்தது. அளவு பார்க்கிற ஓவனும் ஒழுங்கான ஒயரும் இருந்தால், கட்டிய மோட்டார் புது மோட்டாருக்குக் குறைந்ததில்லை.

இதை நான் கண்ணால் கண்டது விவசாய மோட்டாரில் அல்ல, காற்றாலை ஜெனரேட்டரில். கோயம்புத்தூரில் ஒரு பெரிய பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தேன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமிருந்து 250 கிலோவாட் ஜெனரேட்டர்கள் லாரியில் வரும். பழைய காற்றாலைகளில் இருப்பது நம்முடைய இண்டக்‌ஷன் மோட்டாரின் அண்ணன்தான். நான்கு போல் மெஷினை 1,500 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே விட்டால் மோட்டார், காற்று அதை 1,500-க்குக் கொஞ்சம் மேலே தள்ளினால் ஜெனரேட்டர். அதே ஸ்டாம்பிங், அதே செம்பு, அதே இழப்புகள். ஒருநாள் காற்றாலைக்காரர் ஒருவர் கூடவே வந்துவிட்டார். காயிலைப் பிரிப்பதற்கு முன்பும் பிரித்த பின்பும் கோர் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொன்னார். ஸ்டேட்டரின் நடுத் துளைக்குள் கேபிளை நுழைத்து, வெளியே கொண்டுவந்து, நாலைந்து சுற்றுச் சுற்றி, அதில் கரண்ட் விட்டோம். காயிலே இல்லாத வெறும் இரும்பு மெல்லச் சூடேறியது. பதினைந்து நிமிடம் கழித்து எங்கள் மேஸ்திரி உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சட்டென்று கையை எடுத்தார். என்னையும் தொடச் சொன்னார். சுற்றிலும் வெதுவெதுப்பு, அந்த ஒரு பல் மட்டும் சுட்டது. அங்கே தகடுகள் ஒட்டியிருந்தன. மெல்லிய கத்தி முனையால் ஒவ்வொரு தகடாக நெகிழ்த்தி, இடையில் மைக்கா சொருகி, வார்னிஷ் விட்டு, மறுபடி டெஸ்ட் எடுத்தோம். சூடு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் செம்பை உள்ளே இறக்க அவர் சம்மதித்தார்.

அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்று யோசியுங்கள். அவருடைய ஜெனரேட்டரில் 1 சதவீதம் போனால் 2.5 கிலோவாட். காற்றடிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது அவர் மீட்டரில் குறையும், கைக்கு வரும் காசில் குறையும். விவசாய மோட்டாருக்கு மீட்டரும் இல்லை, பில்லும் இல்லை. விவசாயி கேட்பது ஒன்றே ஒன்றுதான். போன சித்திரையில் பெரியவர் ஒருவர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சொன்னார்: “தம்பி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கட்டிக் குடுத்துருப்பா. வாழைக்குத் தண்ணி விட்டு ஆறு நாளாச்சு.” அவரிடம் போய், “ஏனுங்க ஐயா, மூணு நாள் குடுங்க, ஓவன்ல பதமாச் சுட்டு எடுக்கிறேன்” என்று சொல்ல எந்தப் பட்டறைக்காரனுக்கும் வாய் வராது. அப்படிச் சொன்னால் அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போவார். அவர் மேல் தப்பும் இல்லை. வாழை வாடினால் ஒரு வருட உழைப்பு போகும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விவசாய மோட்டாருக்கு மீட்டர் வையுங்கள், பில் போடுங்கள் என்று நான் எழுதவில்லை. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட பெருமாநல்லூர் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் போராட்டங்கள் நடந்ததால்தான் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது அப்படியே இருக்கட்டும். விவசாயிக்குப் பில் இல்லை என்றால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. அந்த மின்சாரத்துக்கான பணத்தை மானியமாக அரசு கட்டுகிறது. காற்றாலைக்காரர் தன் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி, இந்த மோட்டார்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது நீங்கள்தான். பணம் உங்களுடையது, அதாவது நம் எல்லோருடையது.

இனி வோல்டேஜ். இதை எழுதாமல் விட்டால் எங்கள் பக்கத்துக் குறையை மட்டும் சொன்னதாக ஆகிவிடும். மூன்று பேஸ் சப்ளை 415 வோல்ட், அதில் 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது நெடுநாளாக இருந்துவரும் அளவு. அப்படியென்றால் 390-க்குக் கீழே போகக் கூடாது. மும்முனை நேரத்தில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும்போது, டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில் இருக்கிற கடைசிக் கிணற்றில் 350 வோல்ட் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஆம்பியர் அளக்கிற டாங் டெஸ்டரைப் போட்டால் 15 ஆம்பியர் எடுக்க வேண்டிய மோட்டார் 17.5 எடுக்கும். செம்பில் ஆகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது 36 சதவீதம் கூடுதல். காயிலின் சூடு 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். மூன்று பேஸும் சமமாக வராவிட்டால் இன்னும் மோசம். வோல்டேஜில் 1 சதவீத வித்தியாசம் ஆம்பியரில் 6 முதல் 10 சதவீத வித்தியாசமாகப் போய் நிற்கும். இருமுனை நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டுகிற மோட்டாரின் கதியை நான் எழுத வேண்டியதில்லை.

இதற்கு விவசாயி கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? “லோ வோல்டேஜுக்குத் தகுந்த மாதிரி கட்டிக் குடுங்க” என்று கேட்பார். நாங்களும் டர்னைக் குறைத்துக் கட்டுவோம். 340-லும் மோட்டார் இழுக்கும். ஆனால் ராத்திரி லோடு குறைந்து வோல்டேஜ் 430-க்கு ஏறும்போது, டர்ன் குறைந்த அந்த மோட்டாரின் இரும்பு தாங்க முடியாத அளவு காந்தத்தைச் சுமக்கும். தண்ணீரே எடுக்காமல் ஓடினாலும் ஆம்பியர் எகிறும். விடியற்காலையில் காயில் புகைந்திருக்கும், மறுபடி எங்களிடம் வருவார். எட்டு வருடத்தில் நான்கு முறை கட்டிய மோட்டார் ஒன்று என் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காரணம் இதுதான். நான் அவரிடம் காசு வாங்கிக்கொண்டுதான் கட்டினேன், ஆனால் அந்த நான்கு முறையில் மூன்று முறையாவது நடந்திருக்கவே வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு எதையும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் காயில் விவரம். மானியத்தில் கொடுக்கிற ஒவ்வொரு மோட்டாருக்கும் அதன் டர்ன், கேஜ், பிட்ச், இணைப்பு, புதிதாக இருக்கும்போது காயில் ரெசிஸ்டன்ஸ், லோடு இல்லாமல் எடுக்கும் ஆம்பியர் ஆகியவற்றைக் கம்பெனி தமிழில் எழுதித் தகட்டில் பொறித்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பொருத்த வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேருங்கள். காசே செலவில்லாத வேலை. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். மோட்டாரைப் பிரிக்கிறவனுக்கு அது தெரிந்துவிடுகிறது, ரகசியமெல்லாம் முதல் காயில் போகிற வரைக்கும்தான். அந்தத் தகடு இருந்தால் ஐந்தாவது முறை கட்டுகிறவரும் முதல் நாள் இருந்தபடியே கட்டுவார். கட்டி முடித்த பிறகு ரெசிஸ்டன்ஸையும் ஆம்பியரையும் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க விவசாயிக்கே முடியும்.

அப்புறம் ஓவன். வெப்பத்தை 350 டிகிரியில் நிறுத்திவைக்கிற ஓவன் ஒன்றைத் தனியாக வாங்கச் சின்னப் பட்டறைக்கு வசதி இல்லை. பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று வட்டத்துக்கு ஒன்றாக, அரசு ஐடிஐ வளாகத்திலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ வையுங்கள். கூடவே ஒரு கோர் டெஸ்டரும், குறைந்த ரெசிஸ்டன்ஸ் அளக்கிற மீட்டரும். கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம். ராத்திரி ஓவனில் வைத்தால் காலையில் எடுத்துவிடலாம், அந்தப் பெரியவரின் வாழைக்கும் ஆபத்து இல்லை. குழியில் டயர் புகையை மூச்சில் இழுக்கிற பையன்களுக்கும் விடுதலை. என் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த டாக்டர் ஒருவர் நான் புகை பிடிப்பவனா என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு பீடி தொட்டதில்லை.

பயிற்சியும் வேண்டும். ஐடிஐயில் படித்த பையன்கள் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். காயில் கட்ட நன்றாகத் தெரிகிறது. கட்டினால் மோட்டார் ஓட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வைத்த பரீட்சை, எவ்வளவு இழக்கிறது என்று அளப்பது அதில் இல்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மோட்டாரைச் செய்த பீளமேடு எங்கள் பட்டறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பம்பையும் மோட்டாரையும் சோதித்துச் சான்று தரும் ஆய்வகம் கோவையிலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், நாங்கள் கடையை அடைத்துவிட்டு வருகிறோம்.

வோல்டேஜ் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விவசாய டிரான்ஸ்பார்மரிலும் கடைசிக் கம்பத்தில் மும்முனை நேரத்தில் மூன்று பேஸையும் அளந்து, மாதம் ஒருமுறை அந்த டிரான்ஸ்பார்மரிலேயே எழுதிவையுங்கள். எங்கே 390-க்குக் கீழே போகிறது என்று ஊருக்கே தெரியட்டும். அங்கே முதலில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே சரியான கெப்பாசிட்டர் போட்டுக் கொடுங்கள். கம்பியில் வருவதில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று காட்டுகிற பவர் ஃபேக்டர் 0.8-இலிருந்து 0.95-க்கு ஏறினால் கம்பியில் ஓடும் ஆம்பியர் 16 சதவீதம் குறையும், கம்பியில் ஆகும் இழப்பு 29 சதவீதம் குறையும், வோல்டேஜும் நிமிரும். வோல்டேஜ் நிமிர்ந்தால் யாரும் எங்களிடம் டர்னைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள்.

வேலை நன்றாக நடந்தால் மோட்டார் எங்களிடம் வருவது குறையுமே, உனக்கு வருமானம் போகுமே என்று என் தம்பியே கேட்டான். குறையட்டும். ஒரே மோட்டாரை நான்கு முறை கட்டுவதைவிட, நான்கு மோட்டாரை ஒருமுறை ஒழுங்காகக் கட்டுவதில்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

பட்டறை தொடங்கியதிலிருந்து கட்டிய மோட்டார்களின் விவரத்தை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். கம்பெனி போட்டிருந்த டர்னும் கேஜும், நான் போட்டது, கட்டிய பிறகு எடுத்த ஆம்பியர், அது எந்த வருடம் திரும்பி வந்தது, ஏன் வந்தது எல்லாம் இருக்கிறது. மொத்தம் 14 நோட்டு. மூன்றில் கரையான் பிடித்திருக்கிறது, மற்றவை படிக்கிற நிலையில் இருக்கின்றன. ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு அவற்றைத் தரத் தயாராக இருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு, எந்த நாள் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒருவன்,
பல்லடம் வட்டம்.